நன்றிக் கடிதத்தின் நாலாவது வரி

நேர்காணல் முடிந்து திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அதுவே நல்ல அறிகுறி மாதிரி இருந்தது ஜீரோக்காரருக்கு. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் அந்த மைக்ரோமீட்டர் வந்து நின்றது.

சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த அம்மாள் தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மைக்ரோமீட்டர் உள்ளங்கையில் அடங்குகிற கருவி. லாடம் போல வளைந்த இரும்பு. ஒரு நுனியில் அசையாத ஒரு முகம், எதிர் நுனியில் திருகத் திருக நெருங்கி வரும் இன்னொரு முகம். நடுவில் எதை வைத்தாலும், ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கு போட்டு அதில் ஒரு பங்கு வரை தடிமனைச் சொல்லிவிடும். ஆனால் எதையும் வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு முகங்களையும் துடைத்து, வெறுமனே மூடி, கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் அதற்குப் பிறகு அது சொல்வது அத்தனையும் பொய். அதுவும் முகம் மாறாமல் சொல்கிற பொய்.

இருபத்து மூன்று வருடம் ஒரே தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர் அவர். யார் கையில் மைக்ரோமீட்டரைக் கண்டாலும் வாய் தானாகக் கேட்கும்: "ஜீரோ பாத்தியா?" ஜீரோக்காரர் என்ற பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கழிப்பறையிலிருந்து வெளியே வருகிறவனைக்கூட யாராவது "ஜீரோ பாத்தியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எட்டு மாதத்துக்கு முன் தொழிற்சாலையை ஒரேயடியாக மூடிய அன்று, காவலாளி கடைசியாகக் கேட்டைப் பூட்டும்போது லேத் ஓட்டும் கடைசல்காரர் ஒருவர் கூட்டத்திலிருந்து கத்தினார்: "சார், ஜீரோ பாத்துப் பூட்டச் சொல்லுங்க!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிலர் சிரிப்பை நிறுத்தத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவர் இன்று காலை ஜீரோ பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் மேலாளர், பேனாவின் தலையை டக் டக்கென்று அமுக்கியபடி. வலது பக்கம் கைபேசியைவிட்டுக் கண்ணை எடுக்காத ஒருவர். இடது பக்கம் ஒரு இளம் பொறியாளர், ஜீரோக்காரரின் மகள் வயதுதான் இருக்கும். அந்தப் பெண் ஒரு தட்டை முன்னால் நகர்த்தினாள். தட்டில் ஒரு இரும்புத் தண்டு, அதன் வரைபடம், ஒரு மைக்ரோமீட்டர்.

"இதை அளந்து பாஸா ரிஜெக்டான்னு சொல்லுங்க சார்."

அவர் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்த அதே நொடியில் மேலாளர் கேட்டார். "உங்களுக்கு அம்பத்திரண்டு வயசா?"

"ஆமாங்க. ஆனா கண்ணு நல்லாத் தெரியும்ங்க."

சொன்னதோடு விட்டிருக்கலாம். நிரூபிக்க வேண்டும் என்று கைக்கு ஒரு பதற்றம் வந்துவிட்டது. தண்டை நடுவில் வைத்தார், திருகினார், நுனித் திருகு மூன்று முறை டிக் டிக் டிக் என்றது, கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் படித்தார். "இருபத்து நாலு புள்ளி தொண்ணூத்தெட்டு. லிமிட்டுக்குள்ள இருக்கு. பாஸ்."

பொறியாளர் பெண் தன் தாளைப் பார்த்து ஒரு சரிக்குறி போட்டாள். நிமிர்ந்து சிரித்தாள். மேலாளரும் சிரித்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு."

இப்போது பேருந்தில் அந்தக் கண்தான் அவரைப் படுத்தியது. மனசு பதற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது கண் தன் பாட்டுக்கு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தது. கையில் எடுத்தபோது மைக்ரோமீட்டர் மூடினாற்போலத்தான் இருந்தது. கோடு பூஜ்யத்தில் நிற்கவில்லை. இரண்டில் நின்றது.

முழுசாக மூடாமல் வைத்திருக்கலாம். அப்படி வைப்பவர்களும் உண்டு, அது தப்பில்லை. அல்லது கருவியே இரண்டு கோடு கூடக் காட்டுகிறது என்றால் தண்டின் உண்மையான அளவு தொண்ணூத்தாறு. வரைபடம் அனுமதிக்கும் குறைந்த அளவு தொண்ணூத்தேழு. பாஸ் இல்லை. ரிஜெக்ட். தடித்துப்போன தண்டையாவது இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம். மெலிந்துபோனதை ஒன்றும் செய்ய முடியாது.

எது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் கண்ணாடி மேஜையிலேயே தங்கிவிட்டது.

*

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டதற்கு "நல்லாப் போச்சு" என்றார். மனைவி அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் சோறு போடும்போது அவள் கை கொஞ்சம் தாராளமாக இருந்ததை அவர் கவனித்தார்.

மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். ஆவி கக்கும் தேய்ப்பு இயந்திரத்தின் முன்னால் நின்று, மூலையைப் பிடித்து, படுக்கை விரிப்புகளை உள்ளே விட வேண்டும். முன்பு காலை ஷிப்டு மட்டும் பார்த்தாள். தொழிற்சாலை மூடிய மறுவாரம், யாரும் கேட்காமலேயே, இரண்டாவது ஷிப்டுக்கும் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்றாவது மாதத்திலிருந்து இடது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. இப்போது வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் சுற்றிய பட்டையை அவிழ்ப்பது. அவிழ்க்கும்போது ஒரு சத்தமும் வராது அவளிடமிருந்து.

முப்பத்தொரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டதில் கூப்பிட்டது இந்த ஒரு இடம்தான். அங்கேயும் ஐம்பது வயதுக்குள் என்றுதான் விளம்பரம். அனுபவத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். இது கிடைத்தால் அவள் இரண்டாவது ஷிப்டை விட்டுவிடலாம். வீட்டில் இதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரும் அந்தக் கணக்கைத் தனித்தனியாகப் போட்டு முடித்திருந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகள்தான் ஆரம்பித்தாள். அவள் ஒரு அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். நேர்காணலுக்கு வந்து போனவர்களின் காகிதங்களை அடுக்கி வைப்பது அவள் வேலை.

"அப்பா, நன்றிக் கடிதம் அனுப்பினீங்களா?"

"எதுக்கு?"

"நேத்து கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசினதுக்கு. ஒரு நாளுக்குள்ள அனுப்பணும். நீங்க அனுப்பினா உங்க பேரு அவங்களுக்கு இன்னொரு தடவை ஞாபகம் வரும். எங்க ஆபீஸ்ல அதையும் சேர்த்து ஃபைல்ல வைப்போம்."

"வேலையே குடுக்கல. அதுக்குள்ள என்ன நன்றி?"

"அய்யோ அப்பா, அது ஒரு மரியாதை. மூணு வரிதான். நான் சொல்றேன், எழுதிக்கோங்க."

கைபேசியிலேயே அனுப்பிவிடலாம் என்றாள். அவர் ஒப்பவில்லை. கையெழுத்துப் போடாத காகிதம் அவருக்குக் காகிதமே இல்லை. கோடு போட்ட தாள், நீல மசிப் பேனா, மேஜைமேல் மடித்த செய்தித்தாள், எல்லாம் தயாரானது. மகள் நடந்துகொண்டே சொன்னாள், அவர் எழுதினார்.

முதல் வரி: நேற்று என்னை நேர்காணலுக்கு அழைத்துப் பொறுமையாகக் கேட்டதற்கு மிக்க நன்றி. இரண்டாவது: தங்கள் நிறுவனத்தைப் பற்றியும் பணியைப் பற்றியும் அறிந்துகொள்ள அது நல்ல வாய்ப்பாக அமைந்தது. மூன்றாவது: என் இருபத்து மூன்று ஆண்டு அனுபவம் தங்களுக்குப் பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

"அவ்வளவுதான். கீழ கையெழுத்து."

பேனா கீழே இறங்கவில்லை. 'உறுதியாக' என்ற சொல்லின் மேலேயே நின்றது.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார்.

"என்ன வரி?"

சொன்னார். பேருந்தில் ஏறியதிலிருந்து மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைச் சொன்னார். மூடியிருந்த மைக்ரோமீட்டர், இரண்டில் நின்ற கோடு, ஜீரோ பார்க்காமல் சொன்ன பாஸ். கேட்டு முடிக்கும்வரை மகள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"அவங்க கண்டுபிடிச்சாங்களா?"

"இல்ல."

"அந்தப் பொண்ணு சரின்னு டிக் போட்டுச்சா?"

"போட்டுச்சு."

"அப்புறம் என்னப்பா உங்களுக்கு?"

"அந்தப் பொண்ணு கையில இருக்கிற தாள்லயும் தொண்ணூத்தெட்டுதான் எழுதியிருக்கு. அதே கருவியில அளந்து எழுதினது. ரெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்ணிட்டு ரெண்டு பேரும் சரின்னு சொல்லிக்கிட்டோம்."

"அப்பா, இது நன்றிக் கடிதம். வாக்குமூலம் இல்ல."

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, வாடகைக் கார் ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கு நடுவே அக்கா வீட்டில் ஒரு தேநீர் குடிப்பது அவன் வழக்கம். செருப்பைக் கழற்றும்போதே காதை உள்ளே அனுப்பிவிடுவான்.

"என்ன அத்தான், நன்றி சொல்றதுக்கே இவ்வளவு பஞ்சாயத்தா? நான் தினம் நாப்பது பேருக்கு நன்றி சொல்றேன். ஒருத்தனும் திரும்பிப் பாத்ததில்ல."

மகள் விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அத்தான், நேத்து ஒரு சவாரி. எறங்கும்போது 'வண்டி ரொம்ப நல்லாருக்கு தம்பி'ன்னு ஒருத்தர் சொன்னாரு. அந்தாள்கிட்டப் போயி, 'ஐயா, பிரேக் கொஞ்சம் வழுக்குது, வர்ற வழியில ரெண்டு எடத்துல உசுரைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்'னு சொல்லணுமா நான்?"

"பிரேக் வழுக்குதா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அத்தான்!"

"வழுக்கினா சொல்லணும்" என்றார் ஜீரோக்காரர். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்க முடியாமல் போனதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

அவருக்கு விளக்கத் தெரியவில்லை. பழைய தொழிற்சாலையில் ஒரு முறை இருந்தது. பரிசோதகன் ஒரு அளவைச் சொல்லிவிட்டு, பிறகு அது தப்பு என்று அவனுக்கே தெரிந்தால், அன்றைய ஷிப்டு முடிவதற்குள் அவனே ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். திருத்தச் சீட்டு என்று பேர். எழுதிக் கொடுத்தவனை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. மறைத்து மாட்டிக்கொண்டவனுக்குத்தான் அன்றோடு வேலை போகும். இருபத்து மூன்று வருடத்தில் அவர் ஏழு சீட்டு எழுதியிருக்கிறார். ஏழும் எந்தெந்த நாள், என்ன அளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் மேலதிகாரி வாங்கிப் படித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காகவே வேலைக்குப் போன மாதிரி சில நாள் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"எழுதிக் குடுத்தவன் மேல யாரும் கை வச்சதில்ல" என்றார். "சொல்லப்போனா, அதைப் பாத்துட்டு, இவன் நம்ம ஆளுன்னு நினைப்பாங்க."

"அது உங்க ஃபாக்டரிப்பா."

"அளவு எல்லா எடத்துலயும் அளவுதான்."

இரண்டரை மணிக்கு மனைவி காலை ஷிப்டு முடிந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டாவது ஷிப்டு கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள். மகள் ஒரு பக்கம், மச்சினன் ஒரு பக்கம், இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு முறையிட்டார்கள். அவள் பட்டையைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். சுருட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அந்தத் தண்டு எதுக்குப் போகும்?"

"தண்ணி எறைக்கிற மோட்டாருக்கு."

"மெலிஞ்சிருந்தா என்னாகும்?"

"முதல்ல ஒன்னும் ஆகாது. ஓட ஓட ஆட ஆரம்பிக்கும். சத்தம் போடும். அப்புறம் ஒரு நாள் நின்னுடும்."

அவள் தன் முழங்காலைப் பார்த்தாளா, தரையைப் பார்த்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"எழுதுங்க" என்றாள்.

"அம்மா!"

"நீ சும்மா இரு. இவரு எழுதலைன்னா என்ன பண்ணுவாருன்னு உனக்குத் தெரியாது. தினம் ராத்திரி என்கிட்ட ஜீரோ, கோடுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அதைக் கேக்குறதுக்குப் பதிலா ரெண்டு ஷிப்டே நின்னுட்டுப் போயிடுவேன்."

மச்சினன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவர் நாலாவது வரியை எழுதினார். நேற்று தண்டை அளக்கும் முன் நான் மைக்ரோமீட்டரின் ஜீரோவைச் சரிபார்க்கத் தவறிவிட்டதால், நான் சொன்ன அளவையும் பாஸ் என்ற முடிவையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அந்தக் கருவியை ஒருமுறை சோதித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுதும்போது ஒரு சொல் தப்பாகிவிட்டது. பரிசோதகர்கள் செய்வதுபோல ஒற்றைக் கோட்டால் அதை அடித்து, மேலே சரியான சொல்லை எழுதி, பக்கத்தில் சிறிய கையெழுத்தும் தேதியும் போட்டார். வேறு தாளில் திருப்பி எழுதலாமே என்று மகள் கெஞ்சினாள். தப்பை மறைப்பதற்காகத் தாளை மாற்றுவது அவருக்குக் கைவராது.

அடித்த சொல்லோடு அந்தக் கடிதம் திங்கள்கிழமை காலை தபால்பெட்டிக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டது. மார்பிலிருந்து ஒரு கனம் இறங்கியது. பல மாதத்துக்குப் பிறகு அவர் ஒரு வேலையை முடித்திருந்தார்.

*

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது. நம்பிக்கை வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் எல்லோரும் அதற்கு வழி விட்டார்கள். மகள் அவருடைய இரண்டு வெள்ளைச் சட்டைகளையும் துவைத்து மாட்டினாள். அந்தக் கம்பெனிக்கு எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு என்று மச்சினன் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான், "உங்க புது ஆபீசுக்கு நான் சும்மா கொண்டுபோய் விடமாட்டேன் அத்தான்" என்று சொல்லி.

மனைவி ஒன்றும் செய்யவில்லை என்றுதான் அவர் நினைத்தார். ஆறாவது நாள் தற்செயலாகத் தெரிந்தது. அடுத்த மாதப் பட்டியல் போடும் மேற்பார்வையாளரிடம், "ஒன்னாந்தேதியிலேர்ந்து ரெண்டாவது ஷிப்டுக்கு என் பேரைப் போடாதீங்க, வெள்ளிக்கிழமை உறுதியாச் சொல்றேன்" என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். யாரிடமோ கைபேசியில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது குரல் இளசாகக் கேட்டது. கல்யாணமான புதிதில் கேட்ட குரல்.

அழைப்பு வந்தது அடுத்த வாரம் வியாழக்கிழமை முற்பகல். வீட்டில் யாரும் இல்லை. மேஜைமேல் போர்வையை மடித்துப் போட்டு, மனைவியின் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊர் விரிப்பையெல்லாம் தேய்க்கிறவளின் சட்டையைத் தான் தேய்ப்பது என்று இந்த எட்டு மாதத்தில் அவராக வைத்துக்கொண்ட ஏற்பாடு.

"சார், நான் அன்னிக்கு இன்டர்வியூல இருந்தேனே, அந்த எஞ்சினியர்."

குரல் எதிரொலித்தது. எங்கோ மாடிப்படியில் நின்று பேசுகிறாள் போலிருந்தது. "சொல்லும்மா."

"உங்க லெட்டர் வந்துச்சு. நான் உடனே எடுத்துப் பாத்தேன் சார். ரெண்டு கோடு. கரெக்டா ரெண்டு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. கண் பொய் சொல்லவில்லை.

"எத்தனை நாளா அப்படி இருக்கு?"

"தெரியல சார். ஆறு வாரமா அதுலதான் எல்லாத்தையும் பாஸ் பண்ணியிருக்கோம். இப்ப ரிப்பேருக்கு அனுப்பியாச்சு."

"போன தண்டெல்லாம்?"

"போனது போகட்டும்னு சொல்லிட்டாங்க சார்."

"ம்."

"சார்... நான் இதை உங்ககிட்ட சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம இருக்க முடியல. லிஸ்ட்ல உங்க பேருதான் மொதல்ல இருந்துச்சு. நான்தான் எழுதினேன். லெட்டரைப் படிச்சிட்டு மேனேஜர், ஜீரோ பாக்க மறந்தவரை எப்படி இன்ஸ்பெக்டராப் போடுறதுன்னு கேட்டாரு. வந்த அஞ்சு பேருமே பாக்கல சார், நானே பாக்கலன்னு சொன்னேன். மத்தவங்க பாக்கலைங்கறதுக்கு எழுத்துல ஒன்னும் இல்லையே, இவரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரேன்னாரு."

அவருக்கு வேறொரு அறை ஞாபகத்துக்கு வந்தது.

பன்னிரண்டு வருடம் இருக்கும். பழைய தொழிற்சாலையில் ஒரு பரிசோதகன் தேவைப்பட்டபோது, மேஜைக்குக் கேள்வி கேட்கிற பக்கம் அவரையும் உட்கார வைத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும் ஒருவன் வந்தான். தோள் இறங்கிய சட்டை, இரவல் வாங்கியதாக இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரை எடுத்தான், நேராகத் தண்டில் வைத்தான், அளவைச் சொன்னான். அளவு சரி. "வேண்டாம்" என்றார் இவர். சரியாத்தானே சொன்னான் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு, அவன் காதுபடவே சொன்னார்: "தற்செயலாச் சரி." அவன் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி, வாசலில் நின்று திரும்பி, "நன்றிங்க" என்றான். போய்விட்டான். அன்று மத்தியானம் உணவுக்கூடத்தில் இந்தக் கதையைச் சொல்லித் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் ஜீரோக்காரர். அவனுடைய முகத்தை அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நினைத்ததில்லை. இப்போது நினைத்துப் பார்த்தார். வரவில்லை. சட்டையின் தோள் மட்டும் வந்தது.

மஞ்சள் சீட்டு உள்ளே இருப்பவனுக்குத்தான். வாசலில் நிற்பவனுக்கு அப்படி ஒரு சீட்டு எந்தக் காலத்திலும் கிடையாது. கேட்டுக்கு உள்ளேயே இருபத்து மூன்று வருடம் இருந்துவிட்டதால் அது தெரியாமல் போய்விட்டது.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"எனக்கு ரொம்ப..."

"அவரு சொன்னது சரிதாம்மா. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: "ரிப்பேர்லேர்ந்து வந்ததும் அப்படியே நம்பிடாதே. நீயும் ஒரு தடவை ஜீரோ பாரு."

"பாக்குறேன் சார். நன்றி சார்."

கைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது சீருடையின் காலர் பழுப்பேறியிருந்தது. இஸ்திரிப் பெட்டியை அதன்மேலேயே விட்டிருந்தார். கருகவில்லை. ஆனால் போகாது.

*

மனைவி எட்டரை மணிக்கு வந்தாள். மகள் ஏற்கெனவே வந்து தேநீர் போட்டிருந்தாள். பட்டையை அவிழ்க்கும்வரை அவர் காத்திருந்தார்.

"கம்பெனியிலேர்ந்து பேசினாங்க."

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"கருவியில ரெண்டு கோடு தப்பாம். நான் நினைச்ச மாதிரியே. ரிப்பேருக்கு அனுப்பிட்டாங்களாம்."

"சரி. அப்புறம்?" என்றாள் மகள்.

"நன்றி சொன்னாங்க."

"அப்பா, அப்புறம்?"

"அவ்வளவுதான்."

மகள் எழுந்து சமையலறைக்குள் போனாள். ஒரு டம்ளரைக் கழுவும் சத்தம் தேவைக்கு அதிக நேரம் கேட்டது. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்க நினைத்து, மடியில் சுருட்டி வைத்திருந்த பட்டையைப் பார்த்தார். பழுப்பேறிய காலரையும் சொல்லிவிட்டார். எதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

"பரவால்ல. உள்பக்கம் மடிச்சுத் தச்சுக்கலாம்" என்றாள். பிறகு, "நாளைக்கு வெள்ளிக்கிழமைல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கைபேசியை எடுத்தாள். எழுந்து போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினாள்.

"மேடம், நான்தான். ஒன்னாந்தேதியிலேர்ந்து வேணாம்னு சொன்னேன்ல, அதை விட்டுடுங்க... இல்ல இல்ல, நல்லாருக்கேன்... ரெண்டும் பாக்குறேன்... வேற ஆளைப் போட்டுட்டீங்களா?... சரி... சனிக்கிழமையும் வரணுமா?... வரேன் மேடம். பேரை மறுபடி போட்டுட்டா போதும்..."

கடைசியில், "நன்றிங்க" என்றாள்.

அந்தச் சொல்லை அதே சுருதியில் அவர் முன்பு கேட்டிருக்கிறார். எழுந்து உள்ளே போனார். இஸ்திரிப் பெட்டியின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினோமா என்று சந்தேகம் வந்தது. குனிந்து பார்த்தார். காலையிலேயே பிடுங்கியிருந்தார். நிமிர்ந்தார். இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.